லயத்து வீட்டில் சித்திரைப் புத்தாண்டு: ஊருக்குப் போகிற பிள்ளைகளுக்கு முழு வழிகாட்டி

ஏப்ரல் 13, 14 இரண்டும் பெரும்பாலான வருஷங்களில் இலங்கை முழுக்க விடுமுறை. கொழும்பில் கடையிலும் வீட்டிலும் கார்மென்டிலும் வேலை பார்க்கிற, மலையகத் தேயிலைத் தோட்டத்து லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பிறந்த பிள்ளைகள், தீபாவளியை விட்டால் மொத்தமாக ஊர் திரும்புவது இந்தச் சமயத்தில்தான். புண்ணிய காலம் எத்தனை மணிக்கு, என்ன நிறத்தில் உடுப்பு என்பதையெல்லாம் பத்திரிகையும் பஞ்சாங்கமும் சொல்லிவிடும். அவை சொல்லாதது, அந்த இரண்டு நாளுக்குப் பின்னால் இருக்கிற வேலையை யார் எப்போது செய்வது என்பதைத்தான்.

பன்னிரண்டாம் திகதி மாலை வரை மலையில் நின்று கொழுந்து எடுத்த அம்மா, இரவு பதினொரு மணி வரை தாச்சி முன்னால் நின்று பலகாரம் சுட்டு, விடிய எழும்பி வாசல் தெளித்து, பொங்கி, சமைத்து, பிள்ளைகள் சாப்பிடும்போது சுவரில் சாய்ந்தபடி தூங்கிவிடுகிற புத்தாண்டுதான் பல வீடுகளில் நடக்கிறது. இந்த வழிகாட்டியின் ஒவ்வொரு படியும் அதை மாற்றுவதற்காக அடுக்கியது. ஊருக்குப் போகிறவர் விருந்தாளி கிடையாது. அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதல் படி: மார்ச் மாதத்திலேயே இரண்டு கேள்வி

வீட்டுக்கு ஒரு கோல் எடுத்து இரண்டு விஷயம் கேளுங்கள். தோட்டத்தில் எத்தனை நாள் வேலை நிறுத்துகிறார்கள்? கோயிலில் எந்தப் பஞ்சாங்கம்?

முதல் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. மார்ச் கடைசியில் மழை தொட்டதும் செடி துளிர்க்கத் தொடங்கும். ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து குவியும். நாலைந்து நாள் மலையை அப்படியே விட்டால் இலை முத்திப்போகும் என்பதால், 15ஆம் திகதியே வேலைக்குப் பெயர் போடச் சொல்லிக் கேட்கிற தோட்டங்களும் உண்டு. அம்மாவுக்கு 15ஆம் திகதி வேலை என்றால், சொந்தக்காரர் வீட்டுப் பயணத்தை அன்றைக்கு வைத்து என்ன பயன்? கங்காணியிடமோ தோட்டத் தலைவரிடமோ கேட்டால் மார்ச் கடைசியில் ஓரளவு தெரிந்துவிடும்.

இரண்டாவது கேள்வி, வாக்கியமா திருக்கணிதமா என்பது. இரண்டும் சூரியன் மீனத்திலிருந்து மேஷத்துக்குப் போகிற நேரத்தையே சொல்கின்றன. கணிக்கிற முறை வேறு என்பதால் வருஷம் பிறக்கிற நேரமும் வேறாக வரும். அதற்கு நாலு மணி நேரம் முன்னும் நாலு மணி நேரம் பின்னும் புண்ணிய காலம். கோயிலில் ஒன்று, டிவியில் இன்னொன்று என்று வீட்டுக்குள் வாக்குவாதம் வருவது வருஷா வருஷம் நடக்கிறது. என்னைக் கேட்டால், தோட்டக் கோயில் ஐயா எதைப் பின்பற்றுகிறாரோ அதுதான் வீட்டுக்கும். தலையில் வைத்துக் குளிக்கிற மருத்து நீர் அங்கிருந்துதான் வரப்போகிறது. வருஷப் பெயரில் மட்டும் சண்டை இல்லை: 2026இல் பராபவ, 2027இல் பிலவங்க.

இதோடு டிக்கட். பதுளை பக்கம் போகிற கோச்சியில் (ரயிலில்) முற்பதிவு இருக்கை புத்தாண்டு வாரத்தில் திறந்த உடனேயே முடிந்துபோகும். ஒரு மாதத்துக்கு முன்பே பார்த்து வையுங்கள். மண்சரிவால் பாதை மூடியிருக்கிறதா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் போகிறவர்கள் 12ஆம் திகதி பின்னேரத்தைத் தவிர்த்தாலே பாதித் துன்பம் குறையும். அவிசாவளை, கினிகத்தேனை வழியாக ஹட்டன் ஏறுகிற ரோட்டில் அன்றைக்கு நுவரெலியா வசந்த கால விழாவுக்குப் போகிற கார்களும் சேர்ந்துகொள்ளும். முடிந்தால் 11ஆம் திகதி விடியற்காலை பஸ்.

இரண்டாம் படி: தண்ணீர் இருக்கும்போதே கழுவுங்கள்

வீடு சுத்தம் செய்வதைப் புத்தாண்டுக்கு முதல் நாளுக்கு ஒதுக்குவது மலையில் சரிவராது. ஜனவரி முதல் மார்ச் வரை காய்ந்து கிடந்த பிறகு, பீலியில் தண்ணீர் நூல் மாதிரித்தான் விழும். பன்னிரண்டாம் திகதி லயம் முழுக்க ஒரே பீலியில் பாய் கழுவ நின்றால் இரவாகிவிடும். பெட்ஷீட், திரைச்சீலை, கம்பளி எல்லாம் ஏப்ரல் மாதத் தொடக்கத்திலேயே, காலை வெயிலில் துவைத்து எடுக்க வேண்டியவை. பின்னேரத்தில் காயப்போட்டால் மழை நனைத்துவிடும்.

சுவருக்குச் சுண்ணாம்போ பெயின்டோ அடிப்பதென்றால் இஸ்தோப்பும் (முன் திண்ணையும்) முன் சுவரும் போதும். அதைவிட முக்கியம் கூரைத் தகரம். ஆணி கழன்ற இடம், ஓட்டை, அடைத்துக் கிடக்கிற கான் மூன்றையும் வீட்டு ஆம்பிளைகள் அப்போதே பார்த்துவிட வேண்டும். பலகாரச் சட்டிக்கு மேல் ஒழுகுகிற கூரையைப் புத்தாண்டு இரவில் போய் அடைக்க முடியாது.

ட்ரம் இருந்தால் 11ஆம் திகதியே நிரப்பி மூடி வையுங்கள்.

மூன்றாம் படி: பத்தாம் திகதிச் சம்பளமும் டவுன் கடையும்

பெரும்பாலான தோட்டங்களில் பத்தாம் திகதி வாக்கில் சம்பளம் கைக்கு வரும். அதற்கு மறுநாள் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை எந்த டவுனிலும் நிற்க இடமிருக்காது. விலையும் அந்த மூன்று நாளில்தான் ஏறும். ஆகவே கெட்டுப்போகாத சாமானைக் கொழும்பிலிருந்து வருகிறவர் முன்கூட்டியே வாங்கி வரலாம். "தம்பி, வர்றப்ப எண்ணெயும் மாவும் மட்டும் வாங்கிட்டு வந்துரு, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்று அம்மா சொன்னால் அந்த இரண்டோடு நிறுத்தாதீர்கள். தேங்காயெண்ணெய், பச்சரிசி, உழுந்து, பயறு, சர்க்கரை, ஏலக்காய், கஜு, பிளம்ஸ், கற்பூரம், சாம்பிராணி ஆகியவை பையில் வரலாம். அதிரசத்துக்கான அரிசியும் சர்க்கரையும் மட்டும் பத்தாம் திகதிக்குள் வீட்டில் இருக்க வேண்டும்.

மாவிலையையும் மாங்காயையும் பற்றி ஒரு வார்த்தை. நாலாயிரம், ஐந்தாயிரம் அடிக்கு மேல் இருக்கிற தோட்டங்களில் மாமரம் அபூர்வம். வேம்பும் அப்படித்தான். இந்தியச் சேனல்களைப் பார்த்துவிட்டு மாங்காய், வேப்பம்பூ பச்சடிதான் புத்தாண்டு என்று சில பிள்ளைகள் அடம்பிடிக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ இருந்து யாராவது வந்தால் காய்ந்த வேப்பம்பூ கேட்டு வாங்கலாம். கிடைக்காவிட்டால் கசப்புக்குப் பாவக்காயைப் பொரித்து வையுங்கள். தோரணத்துக்கு மாவிலை சந்தையில் கட்டுக்கட்டாக வரும். மரக்கறி வாங்கக் காசு செலவழிக்கத் தேவையில்லை. கரட், லீக்ஸ், போஞ்சி, கோவா ஆகியவை லயத்துக்குப் பின்னால் காணி வைத்திருக்கிற அடுத்த வீட்டிலேயே கிடைக்கும்.

புது உடுப்பில் எனக்கு ஒரு கருத்து உண்டு. பிள்ளைகளுக்கு எடுங்கள், அப்பாயிக்கும் அம்மாயிக்கும் எடுங்கள். நடுவில் இருக்கிறவர்களுக்கு கடன் வாங்கி எடுப்பது வேண்டாம். சொன்ன நிறத்தில் துவைத்த சேலை இருந்தால் அது போதும்.

நான்காம் படி: பலகாரம்

இதில்தான் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். புத்தாண்டின் களைப்பு முழுக்க இங்கேதான் பிறக்கிறது.

அதிரசத்தை 13ஆம் திகதி தொடங்கவே கூடாது. மா புளிக்காவிட்டாலும் ஊற வேண்டும். 10ஆம் திகதி இரவு மா பிசைந்தால் 12ஆம் திகதி பின்னேரம் சுடலாம். ஒரு கிலோ பச்சரிசிக்கு முக்கால் கிலோ சர்க்கரை. அரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, வெள்ளைத் துணியில் நிழலில் பரப்புங்கள். கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், உள்ளங்கையில் தண்ணீர் ஒட்டக் கூடாது. அந்த ஈரத்தில் இடித்தோ அரைத்தோ சலித்துக்கொள்ளுங்கள். மா முழுக்கக் காய்ந்தால் அதிரசம் கல்லாகும்.

பாகுதான் எல்லாம். சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, திரும்ப அடுப்பில் வையுங்கள். ஒரு கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர் எடுத்து அதில் ஒரு சொட்டு பாகு விட்டு விரலால் உருட்டிப் பாருங்கள். கரைந்தால் இன்னும் ஆகவில்லை. டக்கென்று சத்தம் போடுகிற மாதிரி இறுகினால் தாண்டிவிட்டது. மெத்தென்று உருண்டு, தட்டினால் தட்டையாகிற நேரத்தில் இறக்கி, ஏலக்காயும் சுக்கும் போட்டு, மாவைச் சிறுகச் சிறுகத் தூவிக் கிளறுங்கள். தளர்வாக இருந்தால் பயப்பட வேண்டாம், ஊறும்போது இறுகும். நுவரெலியாப் பக்கக் குளிரில் இரண்டு நாளில் அது பாறை மாதிரி ஆகிவிடுவதும் உண்டு. அப்போது தண்ணீர் தெளிக்கக் கூடாது. சட்டியை அடுப்போரம் வைத்து, கையில் இளஞ்சூட்டு எண்ணெய் தொட்டுப் பிசைந்தால் வழிக்கு வரும். சுடும்போது நடுத்தரச் சூடு. வெந்ததை இரண்டு கரண்டிக்கு நடுவே வைத்து அமுக்கி எண்ணெய் வடிக்கிற வேலையை ஊருக்கு வந்த பிள்ளைகள் எடுத்துக்கொள்ளலாம்.

முறுக்குக்கு நாலு பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு வறுத்தரைத்த உழுந்து மா, ஓமம், உப்பு, ஒரு கரண்டி சூடான எண்ணெய். மூடுபனி இறங்கிவிட்டால் ஒரு மணி நேரத்தில் முறுக்கு பதத்துப்போகும். ஆறியதும் பேப்பர் விரித்த பிஸ்கட் டின்னில் போட்டு இறுக்க மூடுங்கள்.

மூன்று பலகாரத்துக்கு மேல் வேண்டாம். அதிரசம், முறுக்கு, பயித்தம் உருண்டை. லயத்தில் ஆறு வீடு இருந்தால் ஆறு வீட்டிலும் ஆறு வகை சுட்டு எல்லாரும் களைத்துப்போவதை விட, வீட்டுக்கு ஒன்றாகப் பிரித்துச் சுட்டு மாற்றிக்கொள்வது எவ்வளவோ மேல். சில லயங்களில் பெண்கள் இப்போது அப்படிச் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். விறகும் எண்ணெயும் மிச்சம்.

தீ விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். லயத்தில் ஒரு காம்பராவில் (அறையில்) பிடிக்கிற நெருப்பு கூரை வழியாக முழு வரிசைக்கும் ஓடும். எண்ணெய்ச் சட்டியை வைத்துவிட்டுக் கதைக்கப் போகாதீர்கள். எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல், தட்டாலோ மூடியாலோ மூடி அடுப்பை அணையுங்கள்.

ஐந்தாம் படி: வருஷம் பிறக்கிற நேரம்

மருத்து நீரைக் கோயிலில் வாங்குவதுதான் வழக்கம். தாமரை, தாழம்பூ, துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், பால் என்று பல சரக்கு சேர்த்துக் காய்ச்சியது. வீட்டில் எல்லாவற்றையும் தேடித் திரிய முடியாது. புண்ணிய காலத்துக்குள் தலையில் வைத்துக் குளிக்க வேண்டும். தலைக்கு எந்த இலை, காலுக்கு எந்த இலை என்பது வருஷத்துக்கு வருஷம் மாறும், ஐயாவே சொல்லுவார். வருஷம் சாமத்தில் பிறந்தால் மலைக்குளிரில் கைக்குழந்தையையும் இழுப்பு உள்ள தாத்தாவையும் பச்சைத் தண்ணீரில் நிறுத்தாதீர்கள். உச்சியில் நாலு சொட்டுத் தெளித்துவிட்டு, விடிந்த பிறகு சுடுதண்ணீர்க் குளியல் போதும். இதில் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

வாசலில் சாணம் தெளித்து, கோலம் போட்டு, நிறைகுடம் வைத்து, கிழக்குப் பார்த்துப் பொங்கல். லயத்து முற்றம் நீளமாக இருப்பதால் எல்லா வீட்டுப் பானையும் ஒரே வரிசையில் பொங்குவது பார்க்க அழகு. காற்றடிக்கிற மேட்டு லயங்களில் அடுப்பு மூன்று பக்கமும் கல் வைத்து மறைத்தால்தான் எரியும்.

மேலே போகப்போக தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். நுவரெலியா உயரத்தில் அது 94 பாகை அளவில்தான். அதனால் அரிசியும் பயறும் வேக நேரம் கூடுதலாக எடுக்கும், தண்ணீரும் கூட வேண்டும். கொழும்பில் பழகின கணக்கில் வைத்தால் பொங்கல் நறுக்கென்று நிற்கும். அரிசி கையில் மசிந்த பிறகே சர்க்கரையைப் போடுங்கள். முந்திப் போட்டால் அதற்குப் பிறகு எவ்வளவு கிளறினாலும் அரிசி வேகாது. கடலைச் சுண்டல் செய்வதென்றால் முதல் நாள் காலையிலேயே ஊறப் போட வேண்டும். தோசை மா ஒரே இரவில் பொங்காது, அடுப்படிச் சூட்டில் துணி போர்த்தி வையுங்கள்.

ஆறாம் படி: கைவிசேடமும் போக வேண்டிய வீடுகளும்

சாமி கும்பிட்ட கையோடு வீட்டில் மூத்தவர் காலில் விழுந்து எழும்பினால் கைவிசேடம் கிடைக்கும். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பூ, நெல், அதன் மேல் காசு. நகரத்தில் சம்பாதிக்கிற பிள்ளைகள் இப்போது பெற்றோருக்குக் காசு கொடுக்கிறார்கள், சரிதான். முதலில் அவர்கள் கையால் வாங்கிக்கொண்டு, பிறகு கொடுங்கள். நூறு ரூபாயாக இருந்தாலும் அவர் கொடுக்க வேண்டியது அவருடையது. புது நோட்டு வேண்டுமென்றால் வங்கியில் ஏப்ரல் முதல் வாரமே கேட்டு வையுங்கள்.

பகல் சாப்பாடு மரக்கறிதான், வடை பாயசத்தோடு. இறைச்சிக் கறி அடுத்த நாளைக்கு. மதுக்கடை புத்தாண்டு விடுமுறை இரண்டு நாளும் மூடியிருக்கும். மூடுவதற்கு முதல் நாள் சிலர் போத்தல் சேர்த்து வைப்பதால்தான் பாதி வீட்டில் புத்தாண்டு சண்டையில் முடிகிறது. அதற்கு நாட்டுச் சட்டம் மருந்தில்லை, வீட்டுப் பெண்களுக்கும் மூத்த பிள்ளைகளுக்கும் முன்கூட்டியே பேச வாய் வேண்டும்.

வீடு வீடாகப் போகும் வரிசை: அப்பாயி வீடு, தாய்மாமன் வீடு, பிறகு லயம். பிள்ளைகள் யாரும் வராத வயதானவர் லயத்தில் ஒருவராவது இருப்பார். அவர் வீட்டுக்குப் பலகாரத் தட்டை மட்டும் அனுப்பிவிட்டு வந்துவிடாதீர்கள். உட்கார்ந்து ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள்.

சிங்களக் கூட்டாளிகள் வீட்டுக்கும் போக வேண்டும், இது அவர்களுக்கும் வருஷப்பிறப்பு. அவர்களது நொனகத நேரத்தில் போகாதீர்கள். வருஷம் மாறுவதற்கு 6 மணி 24 நிமிடம் முன்னும் அதே அளவு பின்னும் அது நீளும். அதன் முதல் பாதியில் அடுப்பு எரியாது, சாப்பாடும் கிடையாது; பிற்பாதியில் சுப நேரம் பார்த்துத்தான் அடுப்பு மூட்டுவார்கள். அடுப்பு மூட்டிப் பாற்சோறு ஆக்கி அவர்கள் சாப்பிட்ட பிறகு, வெற்றிலையோடு போய் "சுப அலுத் அவுருத்தக் வேவா" என்று சொன்னால் போதும். கொக்கிஸும் கெவுனும் வாழைப்பழமும் நிறைந்த தட்டு முன்னால் வரும். உங்கள் முறுக்குத் தட்டு அங்கே போக வேண்டும், காலித் தட்டாகத் திரும்பக் கூடாது என்பது இரண்டு பக்கத்துக்கும் பொதுவான வழக்கம்.

ஏழாம் படி: தோட்டத்து விளையாட்டுப் போட்டி

பெரும்பாலும் 15 அல்லது 16. மைதானத்துக்குத் தோட்ட அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுங்கள். இரவு பத்து மணிக்குப் பிறகு ஒலிபெருக்கிக்கு அனுமதி கிடைக்காது. கயிறிழுத்தல், சாக்கோட்டம், தேசிக்காய் ஓட்டம், பணிஸ் தின்னுதல், முட்டி உடைத்தல், யானைக்குக் கண் வைத்தல், வழுக்கு மரம் எல்லாம் இருக்கட்டும். கொழுந்து எடுக்கிற போட்டியை மட்டும் சேர்க்காதீர்கள். வருஷம் முழுக்க அதைத்தானே செய்கிறார்கள்? பெண்களுக்கும் கயிறும் கிரிக்கெட்டும் கொடுங்கள், பார்க்கக் கூட்டம் கூடும்.

போட்டியைக் காலை எட்டு மணிக்குத் தொடங்கி மத்தியானம் ஒரு மணிக்கு முடிப்பது நல்லது. ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் போகிற காலம். குளிர்க் காற்று வீசுவதால் மலையில் அது தெரியாது, பின்னேரம் பிள்ளைகளின் முகம் சிவந்து தோல் உரியும்போதுதான் தெரியும். தொப்பியும் தேசிக்காய்த் தண்ணியும் வையுங்கள். மத்தியானத்துக்குப் பிறகு இடிமழை. இடிச் சத்தம் கேட்டவுடனே கயிறைப் போட்டுவிட்டு எல்லாரும் கட்டிடத்துக்குள் போக வேண்டும். சவுக்கு மரத்தடியிலும் திறந்த மைதானத்திலும் நிற்கக் கூடாது. வழுக்கு மரம் ஏறுகிறவரைத்தான் முதலில் இறக்குங்கள்.

பட்டாசுக்கு இடம் பார்க்கிறபோது மேலே பாருங்கள். பெரிய மரங்களிலும் பாறை இடுக்கிலும் குளவிக்கூடு இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வெடி போட்டால் கூட்டம் முழுக்கக் கொட்டு வாங்கும். மலையில் வேலை செய்கிறவர்களுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை, கொழும்பிலிருந்து வந்த இளசுகளுக்குத்தான் சொல்ல வேண்டும். நிறையக் கொட்டுப் பட்டாலோ மூச்சு முட்டினாலோ உடனே 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ்.

எட்டாம் படி: எங்காவது போக வேண்டுமென்றால்

நுவரெலியா டவுனுக்கு இந்த வாரம் போவதென்றால் காலை எட்டு மணிக்கு முன் போய்விட்டு பத்துக்குள் திரும்புங்கள். மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், கிரகரி வாவி எல்லாம் நாடு முழுக்க ஆட்களை இழுக்கும். அறை வாடகையை நினைக்கவே வேண்டாம். தலவாக்கலைப் பக்கம் இருப்பவர்கள் டெவன், சென்கிளயர் அருவிகளை ரோட்டோரத்திலிருந்தே பார்க்கலாம், செலவில்லை. இறம்பொடை ஆஞ்சநேயர் கோயில், சீதா எலிய அம்மன் கோயில் ஆகியவற்றுக்குக் காலைப் பூசை நேரம் உகந்தது. சிவனொளிபாதமலைக்கு மே மாத வெசாக் பௌர்ணமி வரை பருவம் உண்டு. நல்லதண்ணியிலிருந்து இரவில் ஏறி, மத்தியான மழைக்கு முன் அடிவாரத்துக்கு வந்துவிடுகிற மாதிரித் திட்டமிடுங்கள். 2,243 மீற்றர் உச்சியில் விடியற்குளிர் எலும்பைத் தொடும், ஸ்வெட்டர் இல்லாமல் பிள்ளைகளைக் கூட்டிப்போகக் கூடாது.

கடைசிப் படி: திரும்புகிற நாள்

16, 17ஆம் திகதி கொழும்பு பஸ்ஸுக்கு வரிசை நீளும். ஒரு நாள் லீவு சேர்த்து எடுக்க முடிந்தால் அதுவே பெரிய நிம்மதி. கிளம்புவதற்கு முதல் நாள் தாச்சி, பானை, கடன் வாங்கின பாய், கதிரை எல்லாவற்றையும் கழுவி உரியவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். இல்லாவிட்டால் அது அடுத்த ஞாயிறு அம்மா தலையில்தான் விழும். ட்ரம்மை நிரப்பி, விறகை வெட்டி அடுக்கிவிட்டு வாருங்கள். அம்மா டின்னில் கட்டித் தருகிற முறுக்கைக் கைப்பையில் எடுத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸின் டிக்கியில் போட்டால் கினிகத்தேனை வளைவுகளில் தூளாகிவிடும்.